கரண்ட் போய் வந்தால் ‘ஐபி முகவரி மோதல்’ என்று வருகிறது. ரௌட்டரை மாற்ற வேண்டுமா?

வேண்டாம். ஐபி முகவரி என்பது வீட்டு நெட்டில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்; இரண்டு கருவிகளுக்கு ஒரே எண் விழுந்தால் அதுதான் மோதல். கரண்ட் போய் வந்ததும் லேப்டாப்பில் இந்த எச்சரிக்கை, வெளியூரிலிருந்து கேமரா தெரிவதில்லை, ரௌட்டரை ஆஃப் பண்ணிப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் பக்கம் கேமரா மாட்டுவதும் நெட் பார்ப்பதும்தான் என் தொழில். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் என் முதல் சந்தேகம் டிவிஆர் (கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) மேல்தான்.

எங்கள் பக்கம் பல வீடுகளில் பிள்ளைகள் வளைகுடாவில். கேமரா மாட்டுவதே அங்கிருந்து வீட்டைப் பார்க்கத்தான். மாட்ட வருகிறவர் டிவிஆருக்கு 192.168.1.100 என்பதுபோல ஒரு முகவரியைக் கையால் போட்டுவிட்டுப் போய்விடுவார். ரௌட்டருக்கு அந்தச் சேதி தெரியாது; 100-ம் தான் கொடுக்க வேண்டிய எண்களில் ஒன்று என்றே நினைத்திருக்கும். கரண்ட் போனால் டிவிஆர் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருக்கும், ரௌட்டர் மட்டும் அணையும். யாருக்கு எதைக் கொடுத்தோம் என்ற கணக்கைப் பல சாதாரண ரௌட்டர்கள் அணைந்ததும் மறந்துவிடும். திரும்ப எழுந்து முதலிலிருந்து கொடுக்கத் தொடங்கும்போது 100 யாருடைய போனுக்கோ லேப்டாப்புக்கோ போய்விடும்.

“தம்பி, மவன் துபாய்லேர்ந்து கூப்பிட்டான், கேமரா தெரியலையாம். இங்க டிவியில நல்லாத்தானே தெரியுது?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். டிவிக்குப் படம் டிவிஆரிலிருந்து நேராக ஒயரில் வருகிறது, நெட்வொர்க்கே தேவையில்லை. அதனால் டிவியில் தெரிவதை வைத்து ஒன்றும் முடிவு பண்ண முடியாது.

ரௌட்டர் கொடுத்த முகவரி ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தால், விண்டோஸ் அதை வேண்டாமென்று திருப்பிவிட்டு வேறு கேட்கும். ஆகவே மோதல் ஓயாமல் வந்தால், யாரோ ஒருவர் கையால் போட்ட முகவரி வீட்டில் எங்கோ இருக்கிறது. லேப்டாப்பிலேயே போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் இது சகஜம்.

எதிராளியைப் பிடிக்க, விண்டோஸில் ஈவன்ட் வியூவர் திறந்து சிஸ்டம் பதிவில் 4199 என்ற எண்ணைத் தேடுங்கள். மோதிய ஐபியும், எதிரே இருக்கும் கருவியின் மேக் முகவரியும் (நெட்வொர்க்கில் கருவியை அடையாளம் காட்டும் எண்) அதில் இருக்கும். மேக்கின் முதல் பாதி தயாரித்த நிறுவனத்துக்குரியது. இணையத்தில் தேடினால் கேமரா கம்பெனியா, பிரிண்டரா என்று தெரிந்துவிடும். மேக்கின் இரண்டாவது எழுத்து 2, 6, A, E இவற்றில் ஒன்றாக இருந்தால் அது பெரும்பாலும் போன். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் வைஃபைக்குச் சொந்த மேக்கைக் காட்டாமல் வேறொன்றைக் காட்டுகின்றன.

சரிசெய்ய நான் செய்வது இதுதான். ரௌட்டரின் டிஹெச்சிபி (கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வசதி) பக்கத்தில் கொடுக்கும் எல்லையை 100 முதல் 200 வரை என்று சுருக்குவேன். டிவிஆர், பிரிண்டர் எல்லாம் 10, 11 என்று அந்த எல்லைக்கு வெளியே. ரௌட்டரிலேயே மேக்கை வைத்து முகவரியை ஒதுக்கும் வசதி இருந்தால் டிவிஆரை டிஹெச்சிபியில் விட்டு ஒதுக்கிவிடுவது இன்னும் நல்லது. நாளைக்கு வேறு ஆள் வந்தாலும் ஒரே இடத்தில் எல்லாம் தெரியும்.

டிவிஆர் இல்லையென்றால் அடுத்த சந்தேகம் இரண்டாவது ரௌட்டர். ஊருக்கு வரும்போது கொண்டுவந்த பழைய ரௌட்டரை மாடியில் மாட்டியிருப்பார்கள். அதுவும் 192.168.1.1, நெட் வரும் ஃபைபர் பெட்டியும் (முதல் ரௌட்டர்) 192.168.1.1, இரண்டும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். மாடி ரௌட்டரைத் தனியாக லேப்டாப்பில் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கி, டிஹெச்சிபியை அணைத்துவிட்டு, ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் ஒயரை அதன் லேன் (LAN) துளையிலேயே செருகுங்கள். மாற்றிய பிறகுதான் செருக வேண்டும். முன்னாடியே செருகினால் எந்தப் பெட்டியின் பக்கம் திறக்கிறது என்று குழம்பிப்போவீர்கள்.

கடற்கரையில் எல்லாப் பழியையும் உப்புக்காற்று மேல் போடும் பழக்கம் உண்டு. ஒயர் முனையில் பச்சை பிடித்து இணைப்பு அறுவது உண்மைதான், ஆனால் அதற்கு ‘மோதல்’ என்ற செய்தி வராது. முகவரி 169.254 என்று ஆரம்பித்தாலும் பெரும்பாலும் இந்தப் பிரச்சினை இல்லை. ரௌட்டரிடமிருந்து பதிலே வரவில்லை என்று பொருள், அப்போது ஒயரைப் பாருங்கள்.

டிவிஆரின் முகவரியை மாற்றியபின் ஒரு வேலை இருக்கிறது. ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை டிவிஆருக்குத் திருப்பிவிடும் அமைப்பு) போட்டிருந்தால் அங்கேயும் புது எண்ணைப் போட வேண்டும், இல்லாவிட்டால் துபாயில் படம் வராது. கியூஆர் ஸ்கேன் பண்ணி ஆப்பில் சேர்த்த கேமராவுக்கு அது தேவையில்லை.