6,000 வார்த்தைன்னா எதையெல்லாம் எண்ணுவாங்க?

கேள்வி: சார், நான் திருவாரூர்ல பிஎச்.டி. பண்றேன். வேதாரண்யம் பக்கம் கிணத்துத் தண்ணி எப்படி உப்பாகுதுன்னு எழுதின பேப்பர் 9,200 வார்த்தை வந்துடுச்சு. ஜர்னல் லிமிட் 6,000. ரிவ்யூவுக்கே போகாம ரெண்டே நாள்ல திரும்பி வந்துடுச்சு. ரெஃபரன்ஸ், டேபிள் எல்லாம் அந்த 6,000ல சேருமா? எதை வெட்டுறது?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மனசு விட்டுடாதீங்கம்மா, ரெண்டு நாள்ல வந்துச்சுன்னா பெரும்பாலும் நீளத்தைப் பாத்தே திருப்பியிருப்பாங்க, உங்க ஆராய்ச்சிய யாரும் குறை சொல்லல.

சேருமாங்கிறது ஜர்னலுக்கு ஜர்னல் மாறும். சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்ல மெயின் டெக்ஸ்ட் 4,500 வார்த்தைக்குள்ள இருக்கட்டும்பாங்க, ஆனா அப்ஸ்ட்ராக்ட் (முன்னாடி வர்ற சுருக்கம்), மெத்தட்ஸ் (ஆய்வு செஞ்ச முறை), ரெஃபரன்ஸ், படத்துக்குக் கீழ எழுதுறது எதுவும் அந்தக் கணக்குல வராது. பிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்ல 3,750, அங்க படம், சமன்பாட்டுக்கும் இத்தனை வார்த்தைன்னு போட்டு சேத்துடுவாங்க. ப்ளோஸ் ஒன்ல மொத்த நீளத்துக்கு லிமிட்டே கிடையாது, அப்ஸ்ட்ராக்ட் மட்டும் 300 தாண்டக்கூடாது. அதனால முதல்ல உங்க ஜர்னலோட ஆத்தர் கைட்லைன்ஸ முழுசா படிங்க, புரியலைன்னா எடிட்டருக்கு நாலு வரி மெயில் போட்டுக் கேளுங்க, தப்பா நெனைக்க மாட்டாங்க. வேர்டுல கீழ காட்டுற நம்பர்ல ரெஃபரன்ஸும் சேந்துடும், எண்ண வேண்டிய பகுதிய மட்டும் செலக்ட் பண்ணிப் பாருங்க.

வெட்டுறதுன்னா முன்னுரையில ஆரம்பிங்க. நம்ம டெல்டா பேப்பர் நிறைய படிச்சிருக்கேன், கல்லணை, கரிகாலன், ஜூன் 12 மேட்டூர் திறப்புன்னு கிளம்பி வேதாரண்யம் வந்து சேர்றதுக்குள்ள 1,000 வார்த்தை ஓடிடுது, ரிவ்யூவருக்கு வேண்டியது கடைமடைல என்ன நடக்குதுங்கிறதுதான். ரெண்டு பாரா போதும். டேபிள்ல இருக்கிற ஈ.சி. (தண்ணியோட மின்கடத்துத் திறன்), குளோரைடு நம்பரையே திரும்ப வாக்கியமா எழுதியிருந்தா எடுத்துடுங்க. கிணறு கிணறா இருக்கிற பெரிய டேபிள் சப்ளிமென்டரிக்கு, அதாவது பேப்பரோட தனி இணைப்புக்குப் போகட்டும்.

மெத்தட்ஸ்ல மட்டும் தயவுசெஞ்சு கை வைக்காதீங்க. எத்தனை கிணறு, எத்தனை அடி ஆழம், தண்ணி எடுத்தது ஐப்பசி மழைக்கு முன்னாடியா பின்னாடியா, இது இல்லைன்னா நாளைக்கு இன்னொருத்தர் அதே கிணத்துக்குப் போய் அளந்து ஒப்பிட வழியே இல்லாமப் போயிடும். எனக்குத் தெரிஞ்ச ஒரு தம்பி தண்ணி எடுத்த மாசத்தைத்தான் வெட்டினார், ரிவ்யூவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். உங்க கைடு வெட்டச் சொன்னாலும் சப்ளிமென்டரில முழுசா வைக்கலாம் சார்னு கேட்டுப் பாருங்க.