ரேம் கூட்டினோம், கணினி முன்னையைவிட உறைகிறது!

கேள்வி: ஐயா, கொட்டாஞ்சேனையில் மாமாவின் ஸ்டூடியோவில் வேலை செய்கிறேன். கலியாணப் படங்களை உபுண்டு போட்ட கணினியிலிருந்து 25 ஜீபி புளூரே இறுவட்டில் போட்டுக் கொடுக்கிறோம். அழித்து எழுதக்கூடிய வகை. பென் டிரைவ் மாதிரி இழுத்துப் போடுவேன். கொப்பி முதலில் விறுவிறுவென்று ஓடும், பிறகு கணினியே உறைந்துவிடும். மவுஸ் மட்டும் அசையும். பிரவுசரும் ஆல்பம் செய்யும் மென்பொருளும் அப்படியே நிற்கும். 4 ஜீபி ரேம் காணாது என்று கடைக்காரர் சொன்னதால் மாமா 16 ஜீபி வாங்கிப் போட்டார். முன்பு இரண்டு நிமிடம் உறைந்தது, இப்போது பத்து நிமிடம்! வைரஸா, டிரைவ் பழுதா?

பதில்: இரண்டும் இல்லை தம்பி. ரேமைக் கூட்டியதால்தான் பத்து நிமிடம். கடைக்காரரைக் கோபிக்காதீர்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் இருந்த காலத்தில் நானும் எந்த வருத்தத்துக்கும் ரேம்தான் மருந்து என்று சொல்லி விற்றவன்.

நீங்கள் இழுத்துப் போடும் படம் நேரே இறுவட்டுக்குப் போவதில்லை. உபுண்டுவுக்கு அடிப்படையான லினக்ஸ் அதை ரேமில் வாங்கி வைத்துக்கொண்டு, முடிந்துவிட்டது என்று உங்களுக்குக் காட்டிவிடும். அதனால்தான் தொடக்கத்தில் அந்த விறுவிறுப்பு. இப்படி எழுதப்படாமல் கிடக்கும் தரவை 'டர்ட்டி' என்பார்கள். வழமையான அமைப்பில், கைவசமுள்ள நினைவகத்தில் 10 சதவீதம் இப்படிச் சேர்ந்தால் பின்னணியில் எழுதத் தொடங்கும். 20 சதவீதத்தை நெருங்கினால், எழுத வரும் மென்பொருள்களை மறித்து நிறுத்தும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 4 ஜீபியில் சுமார் 3 ஜீபி கைவசம் இருந்தது என்றால் அதில் 20 சதவீதம் 600 எம்பி. 16 ஜீபியில் சுமார் 14 ஜீபி கைவசம் என்றால் அது 2.8 ஜீபி அளவுக்குப் போகும். 2 எக்ஸ் புளூரே செக்கனுக்கு 9 எம்பி எழுதும் என்பது பெட்டியில் உள்ள கதை. இந்த வகை இறுவட்டில் டிரைவ் எழுதியதைத் திரும்ப வாசித்துச் சரிபார்க்கும், ஆகவே பாதி வேகம், 4.5 எம்பி. 600 எம்பிக்கு இரண்டு நிமிடம் சொச்சம், 2.8 ஜீபிக்குப் பத்து நிமிடம். உங்கள் கடிதத்தில் உள்ள அதே எண்கள்!

புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரே ஒரு நாட்டாமை வெங்காய லொறியை இறக்கிக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். பின்னால் நிற்கும் முச்சக்கரவண்டிக்கு வெங்காயத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் போக முடியாது. உங்கள் பிரவுசர் எழுத வேண்டியது கணினிக்குள் இருக்கும் எஸ்எஸ்டியில்தான், அதுவும் இப்படித்தான் நிற்கிறது. அந்த 20 சதவீத எல்லையை ஒவ்வொரு டிரைவுக்கும் பங்கு பிரிக்கும் ஏற்பாடு லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில், 2.6.24 பதிப்பிலேயே வந்துவிட்டது. ஆனால் இறுவட்டு மட்டும் எழுதிக்கொண்டிருக்கும்போது பங்கில் பெரும்பகுதி அதன் கைக்கே போய்விடுகிறது.

வழி என்னவென்றால், தெருவுக்குள் அத்தனை பெரிய லொறியை விடாதீர்கள். சதவீதத்துக்குப் பதிலாக பைட் கணக்கில் எல்லை வையுங்கள். 'ஈடிசி' கோப்புறைக்குள் 'சிஸ்சிடிஎல் டாட் டி' என்று ஒரு கோப்புறை உண்டு. அதில் 'டாட் கொன்ஃப்' என்று முடியும் புதுக் கோப்பொன்றை நிர்வாகி அனுமதியோடு திறந்து இரண்டு வரி எழுதுங்கள். (இங்கே உச்சரிப்பை எழுதுகிறேன், நீங்கள் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். 'டாட்' என்றால் புள்ளி, மற்றச் சொற்களுக்கு இடையே அடிக்கோடு.) 'விஎம் டாட் டர்ட்டி பைட்ஸ்' சமன் 67108864, அதாவது 64 எம்பி. 'விஎம் டாட் டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ்' சமன் 16777216, அதாவது 16 எம்பி. கணினியை மீளத் தொடக்கினால் போதும். பழைய சதவீத எல்லைகள் தாமாகவே பூச்சியமாகிவிடும். 'ப்ரொக்' கோப்புறையில் 'மெம்இன்ஃபோ' கோப்பைத் திறந்தால் 'டர்ட்டி' என்ற வரி இருக்கும். கொப்பி ஓடும்போது அது முன்பு எவ்வளவு ஏறியது, இப்போது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கொப்பி இனி விறுவிறுவென்று ஓடாது, தொடக்கம் முதலே ஆமை வேகம்தான். மாமா கேட்டால் உண்மையான வேகமே இதுதான் என்று சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. கலியாணப் படத்தை யார் அழித்து எழுதப் போகிறார்கள்? நான் என்றால், ஒருமுறை மட்டும் எழுதும் இறுவட்டை வாங்கி, கே3பி போன்ற மென்பொருளில் எல்லாப் படங்களையும் சேர்த்து ஒரே மூச்சில் எரித்துவிடுவேன். இழுத்துப் போடும்போது சிறு கோப்பு ஒவ்வொன்றுக்கும் லேசர் அங்கும் இங்கும் ஓடுகிறது. ஒரே மூச்சில் எரித்தால் அந்த ஓட்டம் இல்லை.

எந்த வழியானாலும், கொப்பிப் பட்டை முடிந்ததும் இறுவட்டைப் பிடுங்காதீர்கள். 'வெளியேற்று' கொடுத்து, தட்டு தானாக வெளியே வரும்வரை இருங்கள். 2022 மார்ச் கடைசியில், நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போன நேரம், மச்சாளின் மகளுடைய சாமத்தியச் சடங்குப் படங்களை நான் இப்படித்தான் தொலைத்தேன். பட்டை முடிந்தது, கரண்ட் போனது, ரேமில் இருந்ததும் போனது. மச்சாள் இன்றைக்கும் அந்தக் கதையை எடுப்பா.

16 ஜீபிக்குக் கொடுத்த காசு வீண் என்று மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள். ஆல்பம் மென்பொருளில் முப்பது பக்கத்தை ஒன்றாகத் திறந்து காட்டுங்கள்.