சீரமும் கண்மாய்ச் சொறியும்

அன்புள்ள அண்ணா,
தொண்டிப் பக்கம் ஊர், கால்நடை மருத்துவம் படிக்கிறேன். ரத்தத் தட்டைப்புழுவின் வால் முளைத்த இளம்புழுவைப் புதிய ரத்த சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் தெளியும் நீரில், விட்டால் செத்துவிடுகிறது என்று படித்தேன். அப்படியானால் நல்ல ஆட்டின் சீரத்தை ஊசியாகப் போட்டே நோயைத் தடுக்கலாமே, புழுமருந்து எதற்கு? கண்மாய் அரிப்புக்கு மஞ்சள் கேட்குமா என்று அப்பத்தா கேட்கச் சொன்னார்.

தம்பி,

கொஞ்ச நாளாக இதே நினைப்பாகத்தான் இருந்தேன், உங்கள் கடிதம் வந்தது. அப்பத்தா மஞ்சள் பூசட்டும், புழுவை அது ஒன்றும் செய்யாது.

நீங்கள் படித்தது சரி. ஆனால் செத்தது எந்தப் பருவத்துப் புழு என்று கேட்டீர்களா? படிக்கிற பிள்ளை இதைக் கேட்காமல் ஊசி வரைக்கும் போய்விட்டீர்களே! சீரத்தை 56 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கி, ஆறியபின் அதில் விட்டால் அதே புழு பிழைத்துக்கொள்ளும். கொல்வது காம்ப்ளிமென்ட் என்கிற புரதக் கூட்டம், அது சூடு தாங்காது. அது பற்றுவது புழுவின் மேலிருக்கும் சர்க்கரைப் பூச்சை. தோலைத் துளைத்து நுழையும்போதே புழு வாலை விட்டுவிடுகிறது, சில மணி நேரத்தில் அந்தப் பூச்சையும் கழற்றிவிட்டு இரட்டைச் சவ்வைப் போர்த்திக்கொள்கிறது. ரத்தத்துக்குள் போவது இது; சோதனைக் குழாயில் செத்தது தண்ணீரில் நீந்துகிற பருவம். ஆட்டின் உடம்பில் சீரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? அதற்குள்ளேயே ஜோடி ஜோடியாகப் புழு குடித்தனம் நடத்தும்போது இன்னும் ஒரு சிரிஞ்ச் ஊற்றி என்ன ஆகும்?

1969இல் ஸ்மிதர்ஸ், டெர்ரி, ஹாக்லி மூவரும் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படியுங்கள். சுண்டெலிக்குள் வளர்ந்த புழுக்களைச் சாதாரணக் குரங்குக்கு மாற்றினால் பிழைத்தன; சுண்டெலிக்கு எதிராகத் தடுப்பாற்றல் ஏற்றிய குரங்கில் செத்தன. புழு சுண்டெலியின் பொருளையே மேலே பூசிக்கொண்டிருந்தது! சொந்த வீட்டு ஆள் மாதிரி உட்கார்ந்திருப்பதை உடம்பு எப்படி விரட்டும்?

எங்கள் ஊர்க் கண்மாய் தேவிபட்டினத்துக்கு மேற்கே. மாசியில் தண்ணீர் வற்றி, மாடு நின்ற இடத்தில் இறங்கினால் முழங்காலுக்குக் கீழே சிவப்புச் சிவப்பாகத் தடிக்கும். தண்ணீர் நின்ற மட்டத்தோடு தடிப்பும் நின்றிருக்கும். ராத்திரியெல்லாம் சொறிவோம். "தண்ணி சேரல" என்பார் அம்மா. மாட்டுக்குப் போக வேண்டிய புழு நம் தோலுக்குள் நுழைந்து அங்கேயே சாகிறது, அந்தச் சண்டைதான் அரிப்பு. மாட்டுக்குள்ளே அதே புழு சௌக்கியமாக வளரும். நடவுக்குப் போகிற பெண்கள் இந்த அரிப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனால் களிம்பைக் கொடுத்து அனுப்புகிறார்களே தவிர, எந்தத் தண்ணீரில் இறங்கினாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு இதுதான் ஆறவே மாட்டேன் என்கிறது.

நீங்களாவது கேளுங்கள். கண்மாய்ப் பாசியில் தட்டையாகச் சுருண்ட பழுப்பு நத்தை இருக்கும், இண்டோபிளானார்பிஸ். மாட்டு ரத்தப்புழு ஸ்கிஸ்டோசோமா ஸ்பிண்டேல் அதற்குள்தான் பெருகுகிறது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு கொஞ்சம் பொறுக்கி, கண்ணாடி டம்ளரில் நல்ல தண்ணீர் விட்டு வெளிச்சத்தில் வையுங்கள். புழு இருந்தால் வெளியே வரும், வால் நுனி இரண்டாகப் பிளந்திருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். எந்தக் கண்மாய், எந்த மாதம் என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.