கடைசியாக உதைத்தவன்

அன்புள்ள அக்கா,

நான் ஒஹையோவில் இருக்கிறேன். மகன் வழியாக எனக்கு அமெரிக்கக் கால்பந்து பிடித்துப்போனது. அதில் கிக்கர் என்று ஒருவர் உண்டு. ஆட்டம் முழுக்க ஓரமாக நிற்பார், முக்கியமான நேரத்தில் கூப்பிட்டு உதைக்கச் சொல்வார்கள். அப்படி ஒரு கற்பனை கிக்கரின் வாழ்க்கையைக் குறுநாவலாக எழுதி இணைத்திருக்கிறேன். இறுதிப்போட்டியின் கடைசி உதை தவறிவிடுகிறது. ஊர் வெறுக்கிறது, மனைவி பிரிகிறாள், அவன் குடிக்கிறான், மனம் பேதலித்து அதே மைதானத்தின் வாசலில் செத்துக்கிடக்கிறான். என் கேள்வி இதுதான்: இந்த ஆட்டம் தெரியாத தமிழ் வாசகருக்கு விதிகளை எவ்வளவு விளக்க வேண்டும்? அடிக்குறிப்பு போடலாமா?

கே.

அன்புள்ள கே.,

ஒரே இரவில் படித்து முடித்தேன். உங்களுக்கு மொழி வருகிறது. ஆளில்லாத பள்ளி மைதானத்தில் அந்தப் பையன் குளிரில் தனியாக உதைத்துப் பழகும் அத்தியாயத்தை இரண்டாம் முறையும் படித்தேன். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் திட்டப்போகிறேன்.

கொஞ்ச நாளாக எனக்கு வரும் கதைகளில் எல்லாம் யாராவது ஒரு தடவை தவறுகிறார், அதோடு அவர் கதை முடிந்துவிடுகிறது. தேர்வில் தோற்ற பெண், அறுவை சிகிச்சையில் கை பிசகிய மருத்துவர், இப்போது உங்கள் கிக்கர். ஏன் தம்பி இவர்களை எல்லாம் இவ்வளவு அவசரமாகக் கொல்கிறீர்கள்? இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் கடிதம் வந்தது.

அமெரிக்காவில் இருக்கும் உங்களுக்கு ஸ்காட் நார்வுட் பெயர் தெரியாமல் இருக்காது. 1991 ஜனவரி 27, டாம்பா நகரில் சூப்பர் பௌல், அதாவது அந்த ஆட்டத்தின் வருடாந்தர இறுதிப்போட்டி. ஆட்டம் முடிய 8 நொடி இருக்கிறது. நியூயார்க் ஜயண்ட்ஸ் 20, பஃபலோ பில்ஸ் 19. பில்ஸின் கிக்கர் நார்வுட் 47 யார்டு தூரத்திலிருந்து உதைக்கிறார். இரண்டு கம்பத்துக்கு நடுவே போனால் ஃபீல்ட் கோல், 3 புள்ளி, கோப்பை பஃபலோவுக்கு. பந்துக்கு வேண்டிய தூரம் இருந்தது, உயரமும் இருந்தது. ஆனால் வலது கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. உங்கள் கதை இந்த இடத்திலிருந்து நேராகச் சாராயத்துக்குப் போகிறது. நார்வுட் எங்கே போனார் என்று பாருங்கள்.

அன்று இரவு உடை மாற்றும் அறையில், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்ட நிருபர்களுக்கெல்லாம் அவர் நின்று பதில் சொன்னார். மறுநாள் பஃபலோவின் நயாகரா சதுக்கத்தில், தோற்றுத் திரும்பிய அணியைப் பார்க்க ஆயிரக்கணக்கான மக்கள் கூடினார்கள். கூட்டம் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. ஸ்காட் வரட்டும், ஸ்காட் வரட்டும் என்று விடாமல் கத்தியது. அவர் மைக் முன்னால் வந்து, இந்த அளவு அன்பை நான் இதுவரை உணர்ந்ததில்லை என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். அடுத்த பருவமும் அதே அணிக்கு ஆடினார். 1992 ஜனவரியில் டென்வர் அணியை பில்ஸ் 10-7 என்று வென்று மறுபடியும் சூப்பர் பௌலுக்குப் போனது. டென்வரோடு ஆடிய அந்த ஆட்டத்தில் பில்ஸின் ஒரே ஃபீல்ட் கோல் நார்வுட் உதைத்தது. அதற்கப்புறம் அணி அவரை விடுவித்தது. வர்ஜினியாவில் வீடு மனை விற்பனையில் வேலை பார்த்தார், குடும்பத்தோடு வாழ்ந்தார். அவருக்கு வலி இல்லை என்று நான் சொல்லவே இல்லை. அந்த வலியோடு ஒருவர் எப்படி வேலைக்குப் போனார், பிள்ளைகளை வளர்த்தார் என்பதை எழுதத்தான் எழுத்தாளர் வேண்டும். குடிக்கவைத்துக் கொல்வது எல்லோருக்கும் வரும்.

அப்புறம், இதைவிட எனக்குக் கோபம் தரும் ஒன்று. உங்கள் கதையில் ஊரோடு சேர்ந்து நீங்களும் தோல்விக்கு அவன்தான் காரணம் என்று ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். அந்த டாம்பா ஆட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் 60 நிமிடம். அதில் 40 நிமிடம் 33 நொடி பந்து ஜயண்ட்ஸ் கையில் இருந்தது. பில்ஸுக்குக் கிடைத்தது இருபது நிமிடம்கூட இல்லை. மூன்றாம் கால்பகுதியில் ஜயண்ட்ஸ் ஒரே தொடர் முன்னேற்றத்தில் ஒன்பது நிமிடத்துக்கு மேல் பந்தை வைத்திருந்து ஆறு புள்ளி எடுத்தார்கள். அதன் நடுவே 13 யார்டு தேவைப்பட்ட ஒரு கட்டத்தில் மார்க் இங்க்ரம் பந்தை வாங்கி ஓடினார். பில்ஸ் வீரர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பிடிக்க வந்தார்கள், ஒவ்வொருவர் பிடியிலிருந்தும் நழுவி 14 யார்டு போய்ச் சேர்ந்தார். அங்கே அவரை நிறுத்தியிருந்தால் அந்த முன்னேற்றம் அதோடு நின்றிருக்கும். பிடியை விட்டவர்களின் பெயர் இன்று யாருக்கு நினைவிருக்கிறது? அவர்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கினார்கள். கடைசியாகப் பந்தைத் தொட்ட ஒருவர் மேல் அறுபது நிமிடமும் வந்து விழுந்தது. நார்வுட் போன பிறகும் பில்ஸ் இரண்டு சூப்பர் பௌல் ஆடியது. 52-17, 30-13 என்று இரண்டிலும் தோற்றது. அதற்கு எந்த உதை காரணம்?

அந்த உதைகூட ஒருவருடையது இல்லை. உங்கள் கிக்கர் பந்தைத் தானே வைத்துத் தானே உதைப்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். ஒருவர் பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் எறிய வேண்டும். இன்னொருவர் மண்டியிட்டு அதைப் பிடித்து, தையல் கோல் பக்கம் பார்க்கும்படி திருப்பி நிறுத்த வேண்டும். மூன்றாமவர் உதைக்க வேண்டும். எல்லாம் ஒன்றேகால் நொடி, ஒன்றரை நொடிக்குள். அன்று எறிந்தவர் ஆடம் லிங்னர், பிடித்தவர் ஃபிராங்க் ரைக். உங்கள் கதையில் அந்த இருவரும் எங்கே? தோற்ற இரவில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியவர்களே அவர்கள்தான். அவர்களை விட்டுவிட்டதால்தான் அவன் தனியாகக் குடிக்க வேண்டியதாகிவிட்டது.

கேரி ஆண்டர்சன் என்ற கிக்கரையும் படியுங்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர். 1998 பருவத்தில் மினசோட்டா அணிக்காக 35 ஃபீல்ட் கோல் முயன்று 35-ஐயும் போட்டார். 1999 ஜனவரியில் சூப்பர் பௌலுக்குப் போகவேண்டிய ஆட்டத்தில் ஒன்று தவறியது, அணி தோற்றது. உங்கள் கையில் கிடைத்திருந்தால் அவருக்கும் அதே மைதான வாசல்தான். அவரோ 2000-இல் மொத்தப் புள்ளிகளில் அதுவரை இருந்த சாதனையைத் தாண்டினார், 2004 வரை ஆடினார்.

பிளேர் வால்ஷ் என்ற கிக்கரைக் காட்டி நீங்கள் மறுக்கலாம். சரி, 2016 ஜனவரியில் மினசோட்டாவின் உறைபனியில் 27 யார்டு உதையைத் தவறவிட்ட அவரை அதே ஆண்டு நவம்பரில் அணி நீக்கியது உண்மைதான். ஆனால் அந்த உதைக்குப் பிறகு ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் அவருக்கு ஆறுதல் கடிதங்கள் எழுதினார்கள். அவர் அந்தப் பள்ளிக்கே போய் அவர்களுக்கு நன்றி சொன்னார். நூற்றிருபது பக்கத்தில் உங்கள் கிக்கருக்கு ஒரு கடிதம் எழுத ஒருவர்கூட இல்லையே தம்பி.

மனைவி பாத்திரம் சரியாக வரவில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த வரைவில் தானாகச் சரியாகும். தலைப்பும் அப்படித்தான்.

விதிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அடிக்குறிப்பு வேண்டாம். இரண்டு கம்பம், நடுவில் பத்தடி உயரத்தில் ஒரு குறுக்குச்சட்டம், அதற்கு மேலே போனால் மூன்று புள்ளி. இவ்வளவு போதும். மீதியை வாசகர் கதையிலிருந்து எடுத்துக்கொள்வார். கடைசி முப்பது பக்கத்தை வெட்டிவிடுங்கள். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை நடக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை அவன் எழுந்து என்ன செய்தான் என்பதிலிருந்து எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன். மகனுக்கு என் அன்பு.