எம்.ஆர்.ராதாவின் நடிப்பில் அப்படி என்ன விசேஷம்? எந்தப் படத்தில் தொடங்கலாம்?

'ரத்தக்கண்ணீர்' (1954). யோசிக்கவே வேண்டாம். 1937-இல் 'ராஜசேகரன்' தொடங்கிச் சில படங்களில் தலைகாட்டிவிட்டு மேடைக்கே திரும்பிவிட்டவரை மறுபடி சினிமாவுக்கு இழுத்து வந்தது இதுதான். திருவாரூர் கே.தங்கராஜ் எழுதிய நாடகத்தை ஊர் ஊராகப் போட்டுப் பழகிய பிறகு கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் படமானது. மோகன் பாத்திரம் அவருக்குள் ஊறிக் கிடந்தது திரையில் தெரியும்.

மிமிக்ரிக்காரர்களுக்குச் சிக்குவது அந்தக் கரகரப்பு மட்டும். சூட்சுமம் ஏற்ற இறக்கத்தில் இருக்கிறது. அடித்தொண்டையில் ஆரம்பித்து, நடுவில் கீச்சென்று உச்சிக்குப் போய், கடைசிச் சொல்லை முணுமுணுப்பாக இறக்கிவிடுவார். உச்சக்குரல் எதிரே நிற்கும் பாத்திரத்துக்கு, முணுமுணுப்பு நமக்கு. சிறுவர்களை வைத்து நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனியில் சின்ன வயதிலேயே சேர்ந்து, கடைசி வரிசை ஆளையும் பிடித்து வைக்கப் பழகிய தொண்டை அது.

'குற்றம் புரிந்தவன்' பாட்டைக் கவனியுங்கள். சி.எஸ்.ஜெயராமன் பாட, வரிக்கு வரி இடையில் ராதா பேசுகிறார். குஷ்டரோகியான மோகனுக்குப் பார்வையும் போய்விட்டது, கைகளும் முடங்கிவிட்டன. மிச்சமிருப்பது குரல் ஒன்றுதான். முன்பாதியில் ஊரையே எடுத்தெறிந்து பேசிய அதே குரல் இங்கே தன்னைத்தானே குற்றக்கூண்டில் ஏற்றுகிறது.

மேடையில் அவர் இன்னும் காரம். பெரியார் தொண்டர். அவருடைய ராமாயண நாடகம் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. 1954-இல் வந்த நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமே அவரை மனதில் வைத்துத்தான் என்று பரவலாகச் சொல்வார்கள்.

அடுத்து 'பலே பாண்டியா' (1962). சிவாஜிக்கு மூன்று வேடம், ராதாவுக்கு இரண்டு. 'நீயே உனக்கு என்றும்' பாட்டில் அவருக்குக் குரல் கொடுத்தவர் எம்.ராஜு. ஆனால் தோளையும் தலையையும் ஆட்டி அவர் செய்யும் சேட்டையில் இரவல் குரல் என்பதே மறந்துபோகும். சிவாஜியைப் பார்ப்பதா, இவரைப் பார்ப்பதா என்று திண்டாட வேண்டியிருக்கும். 'பாவ மன்னிப்பு' (1961) பிறகு பார்க்கலாம்.

1967 ஜனவரி 12-இல் எம்.ஜி.ஆரைச் சுட்ட வழக்கில் சிறை சென்று திரும்பியபின் நடித்த படங்களைத் தவறவிட்டாலும் நஷ்டமில்லை.