பழைய .303 ரைபிளில் குறி சிதறினால் பேரலை மாற்ற வேண்டுமா?

கேள்வி கேட்டவர் சிங்கப்பூரில் இருக்கிறார். பெர்த்தில் இருக்கும் அவருடைய அண்ணன் லைசென்ஸோடு ஒரு லீ-என்பீல்டு நம்பர் 4 (பழைய பிரிட்டிஷ் ராணுவ .303 ரைபிள்) வைத்திருக்கிறாராம், இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. 100 யார்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் சிதறுகிறது. பழைய ராணுவத் தோட்டா போட்டால் சில சமயம் ‘டிக்’ என்று கேட்டு, ஒரு கணம் கழித்துத்தான் வெடிக்கிறது. பேரலை மாற்றிவிடலாமா?

இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்தத் தோட்டாவை நிறுத்தச் சொல்லுங்கள். தாமதமாக வெடித்தால் பிரைமரோ (அடியில் தீப்பொறி தரும் சிறு மூடி) உள்ளே இருக்கும் கார்டைட்டோ (பழைய வெடிமருந்து) கெட்டுப்போயிருக்கிறது. ‘டிக்’ கேட்டவுடன் போல்ட்டைத் திறக்கவே கூடாது. டார்கெட் பக்கமே நீட்டியபடி குறைந்தது 30 வினாடி காத்திருக்க வேண்டும். அதே பெட்டியில் மிச்சம் இருப்பதையும் சுடாமல் ரேஞ்ச் அதிகாரியிடம் ஒப்படைத்துவிடலாம். வெடிக்கும் வரை கை அசையாமலா இருக்கும்? சிதறலில் ஒரு பங்கு அதனாலேயே வருகிறது.

அடுத்தது, பேரலுக்குத் தோட்டா பொருந்துகிறதா என்பது. நான் என்எஸ்ஸில் (சிங்கப்பூரின் கட்டாய தேசிய சேவை) ஆர்ம்ஸ்கோட் எனும் ஆயுதக் கிடங்கில் வேலை பார்த்தவன், அப்போது எங்கள் கையில் எம்16எஸ்1 ரைபிள். அதன் பேரலின் உட்சுவரில் வெட்டிய சுருள் வரிகள் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும், 55 கிரெயின் எடையுள்ள தோட்டாவுக்கு (இனி தோட்டா என்றால் பறந்துபோகும் முனை மட்டும்) அது போதும். 62 கிரெயின் எஸ்எஸ்109 என்ற பிந்தைய ராணுவத் தோட்டாவுக்கு இதைவிட நெருக்கமான சுற்று வேண்டும், ராணுவ ரைபிள்களில் அதற்கு 7 அங்குலம். அதை இதில் போட்டால் காற்றில் புரண்டுகொண்டே போகும், டார்கெட்டில் ஓட்டை நீளவாக்கில் விழும். ரைபிள் நல்ல ரைபிள்தான், தோட்டாதான் அதற்கு உரியதல்ல.

.303-இல் வரிச்சுற்று பிரச்சினை இல்லை, பருமன்தான் பிரச்சினை. .303 என்பது வரி மேடுகளுக்கு இடையிலான அளவு. தோட்டாவின் பருமன் .311 அல்லது .312 அங்குலம். போர்க்காலத்தில் அவசரமாகச் செய்த பேரல்களில் வரிப் பள்ளத்துக்குப் பள்ளம் அளவு .315-ஐத் தாண்டியும் இருக்கும், அதற்கு மேல் கார்டைட் சூடு வேறு அரித்திருக்கும். இப்படிப்பட்ட பேரலில் அடி குறுகிய நவீனத் தோட்டா சரியாக இறுகாது. பழைய மார்க் 7 ராணுவத் தோட்டா 174 கிரெயின், தட்டையான அடி. அதேபோல் தட்டை அடி உள்ள .312 தோட்டா போட்ட புது ரவுண்டு ஒரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்க்கட்டும். என் அனுபவத்தில் பாதி வழக்கு இங்கேயே முடிந்துவிடும்.

முடியவில்லையா, மரக்கட்டையைப் பாருங்கள். நம்பர் 4-இல் முன்கட்டையின் நுனி பேரலை லேசாக, 2 முதல் 7 பவுண்டு விசையில், மேல்நோக்கித் தாங்க வேண்டும். மரம் சுருங்கியிருந்தாலோ, யாராவது ‘ஸ்டைலாக’ இருக்கட்டும் என்று முன்கட்டையை அறுத்திருந்தாலோ அந்தத் தாங்கல் போய்விடும். ட்ரிகர் கார்டின் முன் ஸ்க்ரூ இறுக்கமாக இருக்கிறதா என்றும் பார்க்கட்டும்.

பழைய ராணுவப் பிரைமர் பேரலில் உப்பைப் படியவிடும். அது எண்ணெயில் கரையாது. சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, அப்புறம்தான் எண்ணெய்.

சுட்ட கேஸையும் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விளிம்புக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம் ஓடினால் கேஸ் அந்த இடத்தில் இழுபட்டு மெலிகிறது, அடுத்து அறுந்தும் போகலாம். அப்படி இருந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் ஹெட்ஸ்பேஸ் (போல்ட்டுக்கும் கேஸ் உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளி) அளக்கக் கொடுத்துவிட வேண்டும். நம்பர் 4-க்கு 0 முதல் 3 வரை எண் போட்ட, நீளம் மாறும் போல்ட்-ஹெட்கள் (போல்ட்டின் முன்முனைத் துண்டு) உண்டு, அவர் பொருத்தமானதைப் போடுவார். அண்ணன் தானே கழற்றி மாற்றிப் பார்க்கும் வேலை இல்லை இது.

நினைவுக்கு ஒரு வெற்றுக் கேஸைச் சிங்கப்பூருக்கு எடுத்து வரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். போலீஸ் அனுமதி இல்லாமல் வேண்டவே வேண்டாம். என்எஸ் ரேஞ்சிலேயே பாக்கெட்டைக் காட்டி, ‘ஒன்றும் இல்லை சார்’ என்று சொல்லிவிட்டுத்தானே வெளியே வந்தோம்.