பெயின்ட் டப்பா வாங்கும் முன் பள்ளிக்கூடத்து மோட்டாரைப் பாருங்கள்

கேள்வி: கோவை கணபதியில் பம்ப் தயாரிக்கும் கம்பெனியில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஊழியர்கள் சுமார் 200 பேர். வருடத்துக்கு ஒரு நாள் மரக்கன்று நடுவோம், இல்லையென்றால் அரசுப் பள்ளிக்குப் பெயின்ட் அடிப்போம். இந்த முறை எம்.டி., "செய்வது ஊருக்கு நிலைத்து நிற்கணும், நம்ம சூப்பர்வைசர்களும் அதில் தேறி வரணும்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் ஆட்கள் முகம் சுளிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? செலவை சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) கணக்கில் காட்டலாமா?

பதில்: எம்.டி. கேட்கும் இரண்டும் ஒரே வேலையில் கிடைக்கும். ஆனால் ஒரு நாள் நிகழ்ச்சியில் கிடைக்காது. 200 பேர் ஒரே காலையில் போய் இறங்கினால், அவர்களைக் கவனிப்பதே தலைமை ஆசிரியருக்குப் பெரிய வேலையாகிவிடும். நட்ட கன்றுக்குச் சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்று அன்று யாரும் கேட்பதில்லை. உங்கள் சூப்பர்வைசரும் பிரஷ் பிடித்ததோடு சரி, ஒரு முடிவும் எடுக்காமல் பஸ் ஏறிவிடுவார்.

ஒரே பள்ளி, ஆறு பேர், ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். செய்யும் வேலை உங்களுக்குக் கைவந்த வேலையாக இருக்கட்டும். நான் பார்த்த பள்ளிகள் பலவற்றில் கழிப்பறை நன்றாகத்தான் கட்டியிருக்கிறது. தண்ணீர் ஏறாததால் பூட்டிக் கிடக்கிறது. மோட்டார் ரூமைத் திறந்து பாருங்கள். பேனல் பெட்டியில் கெப்பாசிட்டர் உப்பியிருக்கும். மேல் தொட்டியில் மிதவை சுவிட்ச் இருக்காது, நிரம்பி வழிந்தால்தான் யாராவது ஓடிவந்து நிறுத்துவார்கள். கோடையில் போர்வெல்லில் தண்ணீர் கீழே இறங்கியது தெரியாமல் மோட்டாரை ஓடவிட்டு, உள்ளே இருக்கும் கம்பிச்சுற்று (காயில்) கருகியிருக்கும். எர்த் கம்பி அறுந்து தொங்குவதும் உண்டு. பிள்ளைகள் நடமாடும் இடத்தில் அதைப் பார்த்தால் எனக்குப் பதறும். உங்கள் டெஸ்டிங் பிரிவில் இருப்பவருக்கு இதையெல்லாம் கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். சுவருக்கு யார் வேண்டுமானாலும் பெயின்ட் அடிக்கலாம். இதை உங்கள் ஆட்கள்தான் சரியாகச் செய்வார்கள். வயரிங்கில் கைவைப்பதை மட்டும் உரிமம் உள்ள எலக்ட்ரீசியனிடம் விடுங்கள்.

பழுது பார்ப்பது பாதி வேலைதான். கல்வி உரிமைச் சட்டம், 2009-ன்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர்கள். முதலில் அவர்களிடம் போய், "உங்களுக்கு என்ன வேணுங்க?" என்று கேளுங்கள். நான் மோட்டார் என்கிறேன், அவர்கள் சுற்றுச்சுவர் என்று சொல்லலாம். அப்படியானால் அவர்கள் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார்தான் என்று முடிவானால், குழுவிலுள்ள தாய்மார்கள் இரண்டு பேருக்கும் ஓர் ஆசிரியருக்கும், மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று காட்டும் ஆம்பியர் மீட்டரைப் பார்க்கக் கற்றுக்கொடுங்கள். முள் வழக்கத்தைவிட இறங்கினால் போர்வெல்லில் தண்ணீர் குறைகிறது, ஏறினால் மோட்டாருக்குச் சுமை அதிகம் என்று பேனல் பெட்டிக்குள் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

தலைமைப் பயிற்சி என்று தனியாக வகுப்பு எடுக்க வேண்டாம், எல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது. ஷாப் ஃப்ளோரில் உங்கள் சூப்பர்வைசர், "இந்த லாட் இன்னைக்கு முடியணும்" என்றால் முடிந்துவிடும். பள்ளியில் அவருக்குக் கீழே யாரும் இல்லை. தலைமை ஆசிரியர், "இந்த வாரம் பரீட்சைங்க, அடுத்த வாரம் வாங்க" என்பார். குழுத் தலைவி மில் ஷிப்ட் முடிந்து ஆறு மணிக்குத்தான் வருவார். கேட்டு, காத்திருந்து, புரியவைத்துக் காரியம் முடிக்க வேண்டும். அதனால் 30 வயதுக்குள் இருக்கும் ஒரு சூப்பர்வைசரைக் குழுவுக்குத் தலைவராகப் போடுங்கள். ஒரு சிறு தொகையை அவர் கையெழுத்தில் செலவு செய்ய விடுங்கள். மேனேஜர் போவதானால் உறுப்பினராகப் போகட்டும். கூட்டத்தில் அவர் முந்திக்கொண்டு பேசினால் அன்றைக்கே பயிற்சி கெட்டுப்போகும். மாதம் ஒருமுறை நீங்கள் அந்தத் தலைவரோடு உட்கார்ந்து, என்ன தடங்கல் வந்தது, யாரிடம் பேசித் தீர்த்தார், அடுத்த முறை எதை வேறு மாதிரி செய்வார் என்று கேளுங்கள். பெரிய கம்பெனிகளும் இப்படித்தான் செய்கின்றன. ஐபிஎம் 2008-ல் தொடங்கிய கார்ப்பரேட் சர்வீஸ் கார்ப்ஸ், ஊழியர்களைச் சிறு குழுக்களாக வளரும் நாடுகளுக்கு அனுப்பியது. டாடா குழுமத்தின் புரோஎங்கேஜ் திட்டத்தில் ஊழியர்கள் தங்கள் தொழில் திறமையைத் தொண்டு அமைப்புகளுக்குச் சில மாதங்கள் பகுதிநேரமாகத் தருகிறார்கள்.

உங்களிடம் ஒடிசா, பிகார் தொழிலாளர்கள் இருந்தால் அவர்களில் ஒருவரையாவது அந்த ஆறு பேரில் சேருங்கள். கோவை, திருப்பூர் பள்ளிகளில் வெளிமாநிலப் பிள்ளைகள் இப்போது நிறையப் பேர் படிக்கிறார்கள். அவர்களின் அம்மாக்கள் மொழி தெரியாமல் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைப் பேசவைக்க அந்தத் தொழிலாளியால் முடியும், உங்களாலும் என்னாலும் முடியாது.

ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடுங்கள். வாரம் முழுக்க ஷிப்ட் பார்ப்பவருக்கு அன்றைக்குத்தான் தோட்டம், காதுகுத்து, சொந்தபந்தம் எல்லாம். மாதம் இரண்டு வேலைநாளில் அரை நாள் கொடுங்கள், சம்பளம் பிடிக்காமல். விருப்பம் இருப்பவர் மட்டும் வரட்டும், வராதவர் பெயரைக் குறித்துவைக்க வேண்டாம்.

அப்புறம் சிஎஸ்ஆர். கம்பெனிகள் சட்டம், 2013-ன் 135-வது பிரிவுப்படி, முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றை எட்டியிருந்தால், கடந்த மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். அந்தத் தொகை 50 லட்சத்தைத் தாண்டாவிட்டால் தனி சிஎஸ்ஆர் கமிட்டி தேவையில்லை, இயக்குநர் போர்டே பார்த்துக்கொள்ளலாம். பள்ளிக்கு வாங்கும் மோட்டாரும் பைப்பும் முறையாக ஒப்புதல் பெற்ற திட்டத்தில் இருந்தால் கணக்கில் வரும். உங்கள் ஆட்கள் கொடுக்கும் நேரத்துக்கு விலை போட்டு சிஎஸ்ஆர் செலவாகக் காட்ட முடியாது. கம்பெனி விவகார அமைச்சகம் இதைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அந்த அரை நாள் சம்பளத்தைப் பயிற்சிச் செலவாக எம்.டி. ஏற்க வேண்டும். அவர் கேட்ட பயிற்சிதானே அது.

பள்ளிக்குள் போகக் கல்வித் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆசிரியர் உடன் இல்லாமல் யாரும் பிள்ளைகளோடு தனியாக இருக்கக் கூடாது, பெற்றோர் சம்மதமில்லாமல் முகம் தெரியப் படம் எடுக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சேர்க்கைப் பரபரப்பு ஓய்ந்து ஜூலையில் தொடங்கினால் டிசம்பரில் அரையாண்டு விடுமுறைக்குள் ஒப்படைத்துவிடலாம். நடுவில் கூட்டத்துக்குத் தேதி குறிக்கும்போது அந்த ஊரில் நோம்பி (கோயில் திருவிழா) எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோம்பி சாட்டிய (அறிவித்த) பிறகு அந்த வாரம் யாரும் கூட்டத்துக்கு வரமாட்டார்கள்.